நிறுத்தி வைத்த லாரியில் குடிக்கலாமா? ஓட்டுநர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் செம்பனைக் குலை லாரியும் எண்ணெய் டேங்கரும் ஓட்டுகிறவர்கள், அவர்களுடைய வீட்டார், லாரி முதலாளிகள் ஆகியோர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவன். இப்போது ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வேலை முடிந்து லாரியை ஓரமாக நிறுத்தி இன்ஜினையும் அணைத்துவிட்டேன். அதன் பிறகு உள்ளே உட்கார்ந்து இரண்டு டின் பீர் குடித்தால் அது என் சொந்த நேரம்தானே? ஓட்டாதவனைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

பிடிக்கும், தம்பி. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 45ஆவது பிரிவில், வாகனத்தை ஓட்டாதவரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சாலையிலோ பொது இடத்திலோ நிற்கும் ஒரு வாகனத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், அதைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தாலே அது குற்றம். போதை தெளியும் வரை வண்டியை எடுக்கும் வாய்ப்பே இல்லை என்று காட்டித் தப்பிக்க வழி உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுநருடையது. சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது, ஏர்கோனுக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, விடியற்காலை நான்கு மணிக்குப் பட்டர்வொர்த்தில் சரக்கு இறக்க வேண்டும் என்ற தாள் கண்ணாடிக்கு முன்னால் கிடக்கிறது என்றால், ‘நான் ஓட்டப்போவதில்லை’ என்ற உங்கள் சொல்லை யார் நம்புவார்கள்? வேலை நேரம் முடிந்தாலும் லாரி உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. குடிக்கத்தான் வேண்டும் என்றால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு, லாரியை விட்டு இறங்கி, வீட்டில் குடியுங்கள்.

கேள்வி: இரவில் குடித்தாலும் நான்கைந்து மணி நேரம் நன்றாகத் தூங்கிவிடுகிறேன். எழுந்ததும் கோப்பி குடித்து, முகம் கழுவினால் தெளிந்துவிடுகிறது. இதில் என்ன தவறு?

உங்களுக்குத் தெளிந்தது போலத் தோன்றுவதும் இரத்தத்தில் மது குறைவதும் ஒன்றல்ல. மதுவைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கரைக்கிறது. அது தன் வேகத்தில்தான் கரைக்கும். கோப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. கோப்பி குடித்தால் தூக்கம் வேண்டுமானால் கலையும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து விழுக்காட்டுப் பீர், 320 மில்லிலிட்டர் டின் ஒன்றில் ஏறக்குறைய 12 முதல் 13 கிராம் சுத்த மது இருக்கிறது. அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்குள் ஆறு டின் குடித்தால், உடல் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைத்துக்கொண்டே வந்தாலும், விடியற்காலை நான்கு மணிக்கு அவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு அறுபது மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக்கூடும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். நம் நாட்டில் 2020 அக்டோபர் 23 முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம், 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம் என்பதே எல்லை. அதற்கு முன்பு முறையே 80, 35 என்று இருந்தது. பழைய எண்களை மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும் மூத்த ஓட்டுநர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். எல்லையைத் தாண்டி ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறைக்கே பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதமும், இரண்டாண்டு வரை சிறையும், குறைந்தது இரண்டாண்டு உரிம ரத்தும் வரும். ஓர் உயிர் போனால் சிறைத் தண்டனை பத்து ஆண்டுக்குக் குறையாது.

சம்சு என்னும் மலிவான உள்ளூர்ச் சாராயம் குடிப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். நாற்பது விழுக்காட்டுச் சரக்கு 150 மில்லிலிட்டர் அளவே இருந்தாலும், அதில் ஏறக்குறைய நான்கு டின் பீரின் மது அடங்கியிருக்கிறது. காலையில் இறக்கிய கள்ளைப் பாட்டிலில் ஊற்றி லாரியில் வைத்தால், அது உள்ளேயே புளித்து, மாலைக்குள் கடுமை ஏறிவிடும். காலையில் குடித்துப் பார்த்த அளவை வைத்து மாலையில் கணக்குப் போடக் கூடாது.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மது படுத்தவுடன் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். ஐந்து மணி நேரம் படுத்தவருக்கு ஐந்து மணி நேர ஓய்வு கிடைத்திருக்காது. மது இறங்கிய பிறகும் அந்தத் தூக்கக் கடன் ஸ்டீயரிங்கில் உங்களோடு உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அறுவடை மிகுந்த மாதங்களில் ஆலை வாசலில் இரவெல்லாம் வரிசையில் நிற்கிறோம். கொசுக்கடி, புழுக்கம், பேச ஆளில்லை. அங்கே எல்லோரும் கொஞ்சம் போடுகிறார்கள். அது ஆலையின் இடம்தானே?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். வரிசை எப்படி நகர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே ஒரு லாரி குலைகளைக் கொட்டிவிட்டு எடைமேடை ஏறி வெளியே போனதும், பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஒரு வண்டி நீளம் முன்னே போக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டுவார்கள். குடித்தவர் எழுந்து, செருப்பைத் தேடி, கியரைப் போட்டு நகர்த்துவார். இரண்டு லாரிகளுக்கு இடையே கெலிண்டான், அதாவது லாரி உதவியாள், தார்ப்பாயை விரித்துப் படுத்திருப்பான். அல்லது ஒருவர் சிறுநீர் கழிக்க இறங்கியிருப்பார். பத்து மீட்டர்தான் என்று நினைக்கிறோம். பாரம் ஏற்றிய லாரிக்கு அடியில் ஒரு மனிதன் போவதற்குப் பத்து மீட்டர் தேவையில்லை.

சட்டத்தைக் கேட்டால், வரிசை வாசலைத் தாண்டிப் பொதுச் சாலையில் நிற்கிற இடத்தில், அந்தச் சிறு நகர்வும் வாகனம் ஓட்டுவதுதான். வேலிக்கு உள்ளே, 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது: தன் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் தொழிலாளி தக்க கவனம் காட்ட வேண்டும், பாதுகாப்பான வேலைச் சூழலை முதலாளி அமைத்துத் தர வேண்டும் என்று அது இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஓட்டுநரை மட்டும் குறை சொல்லி நான் நிறுத்தமாட்டேன். ஒரு மனிதனை எட்டு மணி நேரம் இரும்புப் பெட்டிக்குள் காக்க வைத்துவிட்டு, ஒரு கழிப்பறையும், காற்றாடி சுழலும் ஓர் அறையும் தராத நிர்வாகத்துக்கும் இந்தக் குடியில் பங்கு உண்டு.

கேள்வி: என் மைத்துனர் அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறார். படுக்கை வசதியுள்ள லாரி. அங்கே ஓய்வில் குடிக்கலாம் என்கிறார். உண்மையா?

பாதி உண்மை. அங்குள்ள கூட்டரசு விதி, பணிக்குத் திரும்புவதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் மது அருந்தக் கூடாது என்கிறது. கனரக வாகன ஓட்டுநருக்கு இரத்த மது எல்லை 0.04 விழுக்காடு, மற்ற ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 0.08. பணியில் இருக்கும்போது தன் குடிக்காக மதுப் பாட்டிலை லாரியில் வைத்திருப்பதே விதிமீறல். மீறினால் 24 மணி நேரம் ஓட்ட விடமாட்டார்கள். ஆகவே இரவில் மிச்சம் வைத்த பாட்டில் காலையில் அவரை மாட்டிவிடும். பல கம்பெனிகள் லாரிக்குள் மதுவையே அனுமதிப்பதில்லை. மாநிலச் சட்டங்களும் வேறுபடும். அவர் தம் கம்பெனியின் விதியைப் படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: என் லாரியில் ஒரு காலி டின் கிடந்தது என்று மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஊதிக்கூடப் பார்க்கவில்லை.

ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குவதற்கு முன்பு முறையான விசாரணை நடத்த வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் சொல்கிறது. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுங்கள். நாள் கடந்தால் வழி அடைபட்டுவிடும். நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, அந்த வாரத்துப் பயணத் தாள்கள் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் சேரும்போது ‘லாரியில் மது கூடாது’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: குடி என்றாலே தோட்டத்துத் தமிழனைத்தான் காட்டுகிறார்கள். நீங்களும் அதையே செய்கிறீர்களே?

இல்லை, ஐயா. எந்த இனத்து ஓட்டுநருக்கும் கல்லீரல் ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இந்த ஊருக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1947இல் இதே பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். போலீசோடு மோதலும் ஏற்பட்டது. கூலிப் பணம் கள்ளுக்கடைக்குப் போவதை எதிர்த்து நின்றவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்தான். நான் பேசுவது அந்தப் பாட்டன்மார் பேசியதைத்தான்.

கேள்வி: எனக்கு ஆறு லாரிகள் இருக்கின்றன. ஓட்டுநர்களைப் புண்படுத்தாமல் இதை எப்படி நடைமுறைப்படுத்துவது?

சாவி கொடுக்கும் மேசையிலேயே மூச்சுப் பரிசோதனைக் கருவி ஒன்றை வையுங்கள். முதலில் நீங்கள் ஊதுங்கள், பிறகு எல்லோரும் ஊதட்டும். கருவியைக் குறித்த காலத்தில் சரிபார்க்கக் கொடுங்கள். எண் கூடுதலாக வந்தால் அன்று ஓட்டவிடாதீர்கள், ஆனால் முதல் முறையே வேலையைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்தவர் மறைக்கக் கற்றுக்கொள்வார். இன்னொன்று: நடைக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி கொடுத்தால், காத்திருக்கும் நேரத்துக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. காத்திருப்புக்கும் ஒரு படி கொடுங்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் இருபது ஆண்டாக லாரி ஓட்டுகிறார். இப்போது குடிக்காவிட்டால் காலையில் கை நடுங்குகிறது. பூசைக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தப்போவதாகச் சொல்கிறார்.

சகோதரி, அவருடைய மன உறுதியை மதிக்கிறேன். ஆனால் வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கை நடுங்கும் அளவுக்கு உடல் பழகிவிட்டால், திடீரென்று நிறுத்தும்போது வலிப்பும் மனக் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். டாக்டரிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, கடைசியாக எப்போது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கி முதலாளியிடம் கொடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டாம். மாலை போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.