சிபியு பெட்டிக்கு வாசல் எது, புறவாசல் எது?

கேள்வி: அண்ணாச்சி, மவன் இன்ஜினியரிங் சேந்திருக்கான். கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம்னு கடைக்குப் போனா, முன்னாடி கண்ணாடி, பக்கத்துல கண்ணாடி, உள்ள கலர் கலரா லைட்டு எரியுத கேபினெட்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். ஒரு தகரப் பெட்டிக்கு இவ்வளவு ரூவாயான்னு எனக்கு வயிறு எரியுது. வாங்கிக் குடுக்கலாமா?
(தென்காசி வாசகர்)

பதில்: அண்ணாச்சி, லைட்டுக்கு நான் எதிரி இல்ல, வயசுப்பய ஆசப்படுதான், எரிஞ்சிட்டுப் போட்டும். ஆனா முன்பக்கக் கண்ணாடியத்தான் யோசிக்கணும். நம்ம ஊர்ல பெட்டியவே சிபியு சிபியுன்னு சொல்லிப் பழகிட்டோம், நெசமான சிபியு உள்ள கெடக்க தீப்பெட்டி அளவு சில்லுதான், அதும் கிராஃபிக்ஸ் கார்டும் கேம் ஆடும்போது விடுத சூடு இருக்கே, அத வெளிய தள்ளுததுதான் பெட்டியோட பெரிய சோலி. முன்னாடி கீழ்ப்பக்கமா குளுந்த காத்து வரணும், சூடானது பின்னாடியும் மேலயும் போவணும். பழைய வீடுகள்ல தலைவாசல்ல நின்னு பாத்தா புறவாசல் தெரியும்லா, அதே கணக்கு. இப்ப தலைவாசல்ல கண்ணாடிய வச்சு அடச்சுட்டு உள்ள மூணு ஃபேன் போட்டா என்ன ஆவும், ஓரத்துல இருக்க விரல்கட இடுக்கு வழியா அது இழுத்து இழுத்து கத்துமே தவிர சூடு கொறையாது. அதனால முன்பக்கம் சல்லடை மாதிரி மெஷ் வச்சத வாங்குங்க, பக்கத்துக் கண்ணாடி இருந்துட்டுப் போவட்டும், அங்கன காத்துக்கு வேல கெடையாது. மீன்தொட்டி மாதிரி முன்னயும் பக்கத்துலயும் கண்ணாடியாவே ஒண்ணு வருது, அதுல அடியில இருந்தோ இன்னொரு பக்கத்துல இருந்தோ ஃபேன் காத்து இழுக்க வழி விட்டிருந்தா அதும் பரவால்ல, பையனக் கூட்டிட்டுப் போயி திருப்பிப் பாக்கச் சொல்லுங்க.

வாங்குமுன்னால ரெண்டு அளவு மட்டும் பாத்துக்கிடுங்க. கிராஃபிக்ஸ் கார்டு எத்தன மில்லிமீட்டர் நீளம் வரைக்கும் உள்ள போவும், சில்லு மேல சூடாத்த மாட்டுத சிபியு கூலர் எத்தன உயரம் வரைக்கும் கதவு மூடும். பெரிய டவர் கூலர் 160 மி.மீ. பக்கம் நிக்கும், பெட்டியில 150தான் எடம்னா கதவத் தெறந்து போட்டுத்தான் ஓட்டணும். இன்னொண்ணு, கண்ணாடியக் கழட்டுனா டைல்ஸ் தரையில மூலைய வச்சு நிறுத்திராதீங்க. டெம்பர்டு கண்ணாடி நடுவுல தட்டுனா தாங்கும், மூலையில ஒரு இடி பட்டா கல்லுப்பு மாதிரி பொலபொலன்னு உதுந்துரும். பாய் விரிச்சு அதுல கண்ணாடியப் படுக்க வைங்க, பத்தமடைப் பாயாத்தான் இருக்கணும்னு இல்ல.

கேள்வி: எங்க ஊர்ல ஆடிக் காத்துக்கு தேரி மண்ணு வீட்டுக்குள்ள வந்து படியுது. மூணு மாசத்துக்கு ஒருக்க தெறந்தா சிபியு உள்ள செம்மண் அப்பிக் கெடக்கு. எல்லா ஃபேனையும் வெளிய தள்ளுத மாதிரி மாட்டுனா தூசி வராதுல்லா?
(திசையன்விளை வாசகர்)

பதில்: தம்பி, அதுதான் தப்பு. எல்லா ஃபேனும் வெளிய தள்ளுனா உள்ள காத்து கொறைஞ்சு போயி, பெட்டியில எங்கல்லாம் ஓட்ட ஒடசல் இருக்கோ அங்கல்லாம் இருந்து தூசியோட உறிஞ்சும். அதத் திருப்பிப் போடுங்க. முன்னாடி ரெண்டு உள்ள இழுக்கட்டும், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளட்டும். உள்ள வரது கூடுதலா இருந்தா இடுக்கு வழியா காத்து வெளியதான் போவும், உள்ள வரதெல்லாம் முன்னாடி ஃபில்டர் வழியா மட்டுந்தான் வரும், அந்த ஃபில்டரக் கழட்டி தண்ணியில அலசி நல்லா காயவச்சு மாட்டுனா போதும். ஃபேன்ல எந்தப் பக்கமா காத்து வெளிய வரும்னு கொழம்பாதீங்க, மோட்டாரத் தாங்குத குறுக்குச் சட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாத்தான் வரும். ப்ளோயர் வச்சு ஊதும்போது ஃபேன் றெக்கைய ஒரு விரலால பிடிச்சுக்கிடுங்க, விட்டா அது பம்பரம் மாதிரி சுத்தி பேரிங் போயிரும். பெட்டியத் தரையில வைக்காம ஒரு முக்காலியில தூக்கி வைங்க, இப்ப வர பெட்டியில உள்ள எல்லாத்துக்கும் கரண்டு குடுக்குத எஸ்எம்பிஎஸ் அடியில இருந்து காத்து இழுக்கு, வாரியல் போடும்போது கௌம்புத தூசி பூரா அதுக்குத்தான்.

கேள்வி: சிபியு பெட்டியத் தொட்டா சுர்ருன்னு அடிக்கு. செருப்பு போட்டுட்டு உக்காருதேன். ஆபத்தா?
(அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: யக்கா, செருப்பு வைத்தியம் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் உள்ள கரண்டுல வர இரைச்சல வடிக்க சின்ன கெப்பாசிட்டர் வச்சிருப்பாங்க, லைன்ல இருந்து ஒண்ணு தகரத்துக்கு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணு தகரத்துக்கு. எர்த் இருந்தா அதுல கசியுதது எர்த்துல போயிரும். எர்த் இல்லேன்னா பெட்டித் தகரம் 230ல பாதி, 115 வோல்ட் பக்கம் அந்தரத்துல நிக்கும், கரண்டு ரொம்பக் கொஞ்சங்கதால சுர்ருங்கதோட நிக்கு. ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸா, இல்ல மூணாவது பின்ன யாரும் ஒடச்சு வச்சிருக்காங்களா பாருங்க. அது சரியா இருந்தா எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு எர்த் குழியப் பாக்கச் சொல்லுங்க. சுர்ருன்னு இல்லாம தூக்கி அடிச்சா அப்பவே பிளக்கப் புடுங்கிருங்க, அது வேற கேசு.

கேள்வி: 2003ல வாங்குன கேபினெட் மச்சுல கெடக்கு. புது மதர்போர்டு அதுல ஏறுமா?
(பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: ஏறும் அண்ணாச்சி. ஏடிஎக்ஸ்னு இன்டெல் 1995ல வகுத்த அளவுதான் இன்னிக்கும், போர்டு 305க்கு 244 மி.மீ., ஸ்க்ரூ ஓட்டையும் அதே எடந்தான். அதும் அந்தக் காலத்துத் தகரம் அடிச்சாலும் நெளியாது. ஆனா பின்னாடி ஒரு 80 மி.மீ. ஃபேனுக்குத்தான் எடம் இருக்கும், முன்னாடி புது யுஎஸ்பி இருக்காது, ஆபீஸ் வேலைக்குப் போதும், கேமுக்குத் தாங்காது. மாட்டுமுன்ன ஸ்டாண்டாஃப்னு சொல்லுத, போர்டத் தகரத்துல படாமத் தாங்குத பித்தளை ஸ்க்ரூவ எண்ணிப் பாருங்க. நான் ஒருக்க பழைய பெட்டியில ஒண்ணு கூடுதலா இருந்தத கவனிக்காம போர்ட வச்சு முறுக்கிட்டேன், அது போர்டு முதுகுல ஓட்டையே இல்லாத எடத்துல முட்டி ஷார்ட் ஆயி, ராத்திரி பூரா ரேம் மெமரிய மாத்தி மாத்திப் போட்டுட்டு இருந்தேன்.

கேள்வி: எலி வயரக் கடிக்கு. என்ன செய்ய?
(முக்கூடல் வாசகர்)

பதில்: பின்னாடி கார்டு மாட்டுத எடத்துல தகர மூடி ஒண்ணு ரெண்டு இல்லாம இருக்கும், பாருங்க. கடையில கேட்டாலே சும்மா குடுப்பாங்க. அட்டைய வெட்டி ஒட்டாதீங்க, அதையும் தின்னுரும்.