வீட்டுக்காக எழுதிய டிரஸ்டை அப்பா ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: கோவையில் உள்ள எங்கள் வீட்டை அப்பா 2013-ல் குடும்ப டிரஸ்டாகப் பதிவு செய்தார். ‘ரத்து செய்ய முடியாதது’ என்று பத்திரத்திலேயே இருக்கிறது. அண்ணன்தான் டிரஸ்டி. அம்மாவின் ஆயுள்வரை அவருக்கு அனுபவ உரிமை. பிறகு அண்ணனுக்கும் எனக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும். அண்ணன் மகனுக்கு 17 வயது, என் மகளுக்கு 11. அம்மாவால் இப்போது மாடி ஏற முடியவில்லை. வீட்டை விற்று லிப்ட் உள்ள அபார்ட்மென்ட் வாங்க எல்லோருக்கும் சம்மதம். அப்பா ஒரு ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார் பத்திர எழுத்தர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். 2013-ல் பத்திரம் பதிவான அன்றே வீடு அப்பா கையை விட்டுப் போய்விட்டது. சட்டப்படி இன்று அது டிரஸ்டியான அண்ணன் பொறுப்பில், உங்கள் எல்லோருடைய நன்மைக்காக இருக்கிறது. ரத்து செய்யும் அதிகாரத்தைப் பத்திரத்தில் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவர், பிறகு தன் கையெழுத்தை மட்டும் வைத்து அதை ரத்து செய்ய முடியாது. 1882-ம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 78-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்படியே ரத்துப் பத்திரம் பதிவாகிவிட்டாலும் தொல்லை தீராது. வில்லங்கச் சான்றில் டிரஸ்ட் பத்திரமும் ரத்துப் பத்திரமும் அடுத்தடுத்து நிற்கும். வீடு வாங்குகிறவர் லோனுக்குப் போனால், வங்கியின் வக்கீல் முதலில் கேட்பது அந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான்.

அதற்காக எதுவுமே மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். அப்பாவால் தனியாக முடியாது, அவ்வளவுதான். பயனாளிகள் எல்லோரும் சேர்ந்தால் நிறையச் செய்யலாம்.

முதலில் பத்திரத்தை எடுத்து, டிரஸ்டியின் அதிகாரங்கள் என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். சொத்தை விற்கவும், அந்தப் பணத்தில் வேறு வீடு வாங்கவும் டிரஸ்டிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதா? இருந்தால் டிரஸ்டைத் தொடவே வேண்டாம். அண்ணன் டிரஸ்டி என்ற முறையில் விற்று, அபார்ட்மென்ட்டை டிரஸ்ட் சொத்தாகவே வாங்கலாம். அம்மாவின் உரிமையும் பிள்ளைகளின் உரிமையும் அப்படியே புது வீட்டுக்கு வந்துவிடும். உங்களுக்குத் தேவை வேறு வீடுதானே? பலர் இந்தப் பகுதியைப் படிக்காமலே கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்பது என் வருத்தம்.

விற்கும் அதிகாரம் இல்லையென்றால் அதே டிரஸ்ட் சட்டத்தின் 11-வது பிரிவு இருக்கிறது. பயனாளிகள் அனைவரும் சம்மதித்தால் பத்திரத்தின் நிபந்தனைகளை மாற்றலாம். அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். சிக்கல் பிள்ளைகளிடம்தான். மைனருக்காகப் பெற்றோர் சம்மதம் சொன்னால் இங்கே போதாது. மாவட்ட முதன்மை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நீங்களே ஒரு பங்குதாரராக இருக்கும்போது மகளின் பங்கைப் பற்றியும் நீங்களே முடிவெடுப்பது சரியாகாது அல்லவா? அண்ணன் மகன் 18 முடிந்ததும் தானே கையெழுத்துப் போடலாம். உங்கள் மகளுக்காக மனு போட்டே ஆக வேண்டும்.

நீதிபதி பார்ப்பது, இதனால் குழந்தைக்கு நஷ்டம் வருமா என்பதைத்தான். அதனால் வீட்டுக்கு இன்ஜினீயர் கொடுத்த மதிப்பீட்டு அறிக்கை, வாங்கப்போகும் அபார்ட்மென்ட்டின் விலை விவரம், அம்மாவின் டாக்டர் சான்று எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள். விற்ற பணத்தில் மீதி இருந்தால் அது டிரஸ்ட் கணக்கிலேயே இருக்கும் என்றும் எழுதுங்கள். மகளின் பங்கு குறையாது என்பது காகிதத்தில் தெரிய வேண்டும்.

பத்திரத்தில் ‘இனி பிறக்கும் பேரப்பிள்ளைகளும்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், இன்று இருப்பவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டாலும் ‘அனைவரும் சம்மதித்தார்கள்’ என்று சொல்ல முடியாது. அப்போது சொத்து வழக்கில் அனுபவமுள்ள சிவில் வக்கீல் இல்லாமல் நகராதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். சர்வே எண்ணோ கதவு எண்ணோ தவறாக விழுந்திருந்தால் அதைச் சரிசெய்யத்தான் அது. பயனாளியின் பெயரை எடுக்கவோ, இல்லாத விற்பனை அதிகாரத்தைச் சேர்க்கவோ உதவாது.

வீட்டை அண்ணனே வாங்கிக்கொள்ளலாமே என்ற பேச்சும் வரலாம். விற்கும் பொறுப்பில் உள்ள டிரஸ்டி, நேராகவோ வேறு ஆள் பேரிலோ அந்தச் சொத்தை வாங்கக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. அண்ணி பேரில் வாங்கினாலும் அதே கேள்வி எழும்.

விற்பனையில் வரும் மூலதன ஆதாய வரியை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் பங்கும் இவ்வளவு என்று பத்திரம் சொல்கிறதா, டிரஸ்டி விருப்பத்துக்கு விட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து வரி மாறும்.

இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கும், 2013 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். அவற்றை வக்கீல் படித்துச் சொல்லும்வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.