45 லட்சம் கடனில் லண்டன் வேண்டாம்

நாமக்கல்லிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

மூன்று லாரி, ஒரு வீடு, பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம் படிக்கும் மகள். லண்டனில் இருக்கும் தாய்மாமா அங்கே வந்து எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் சேரச் சொல்கிறார். 'ஸ்ட்ரக்சர்டு ஃபைனான்ஸ்', அதாவது கடன்களைக் கட்டாகச் சேர்த்துப் பத்திரமாக்கி விற்கும் பிரிவில் நுழைந்துவிட்டால் அப்புறம் பாப்பாவுக்குக் கவலையே இல்லை என்கிறார். 45 லட்சம் ஆகும். வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் மாமா பக்கம். 2008-ல் அந்தத் தொழிலில்தானே இடி விழுந்தது, மறுபடி வந்தால் பாப்பா என்ன ஆவாள் என்று நீங்கள் ஒருவர் மட்டும் கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்பதுதான் சரியான கேள்வி. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. பத்திரத்தை வங்கியில் கொடுக்காதீர்கள்.

45 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 62,000 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 74 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் இல்லை. பிரிட்டனில் திறன்பணி விசாவுக்கான பொதுவான சம்பள வரம்பை 2025 ஜூலையில் 38,700 பவுண்டிலிருந்து 41,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் அது சில வருடங்களுக்குத்தான். பாப்பா படித்து முடிக்கும் வருடம் சந்தை நன்றாக இருக்கும் என்று மாமாவால் எழுதிக் கொடுக்க முடியுமா? 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு போட்டபோது அந்த வருடம் படிப்பை முடித்து வந்த பிள்ளைகள் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. கல்விக் கடனுக்கு மட்டும் அந்த வருடம், இந்த வருடம் என்ற கணக்கில்லை.

சி.ஏ., எம்.பி.ஏ., வங்கித் தேர்வு பற்றி உங்களுக்கு ஊரே சொல்லும். நான் அதற்குள் போகவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது: பத்தாம் வகுப்பிலிருந்து லாரிக் கணக்கை அவள்தான் எழுதுகிறாள், எந்த வண்டிக்கு எந்த மாதம் டியூ தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். மாமா சொல்லும் தொழிலின் வேரே அந்த வேலைதான்.

எப்படி என்று உங்கள் வண்டியை வைத்தே சொல்கிறேன். ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கி ஒரு டாரஸ் லாரி எடுக்கிறீர்கள். வண்டி கடனுக்கு ஈடு என்று ஆர்.சி. புக்கில் ஹெச்.பி. போடுகிறார்கள். ஆறு டியூ ஒழுங்காகக் கட்டிய பிறகு, உங்கள் கடனையும் அதேபோன்ற ஆயிரக்கணக்கான கடன்களையும் கம்பெனி ஒன்றாகக் கட்டி ஒரு டிரஸ்ட்டுக்கு விற்றுவிடலாம். அந்தக் கட்டுக்குப் பெயர் பூல். டிரஸ்ட் அதன்மேல் முதலீட்டுப் பத்திரங்களை வெளியிடும். வங்கியோ மியூச்சுவல் ஃபண்டோ வாங்கும். கம்பெனிக்கு நாலு வருடத்தில் வரவேண்டிய பணம் இன்றே கைக்கு வரும், அதை வைத்து அடுத்த வண்டிக்குக் கடன் கொடுக்கும். டியூ வசூலிக்க அதே ஆள்தான் உங்கள் வீட்டுக்கு வருவார். அதனால் உங்கள் கடன் கைமாறியது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே வராது. இந்தியாவில் இது 1991-ல் சிட்டி பேங்க் கார் கடன்களில் தொடங்கியது. இன்றைக்கு லாரி உள்ளிட்ட வணிக வாகனக் கடன்கள் இதில் பெரிய பங்கு. சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் மூன்றும் சென்னையில் வளர்ந்தவை. 2009-ல் நுண்கடன்களை இப்படிப் பத்திரமாக்கிய ஈக்விடாஸும் சென்னைக் கம்பெனிதான். மாமா லண்டன் போய்ப் படிக்கச் சொல்லும் சங்கதி உங்கள் பட்டறைத் தெருவில் நிற்கிற வண்டிகளில் இருக்கிறது.

இப்போது 2008-க்கு வருகிறேன். அமெரிக்காவில் இதே வேலையை வீட்டுக் கடன்களை வைத்துச் செய்தார்கள். கடன் கொடுத்தவர் உடனே விற்றுவிடுவார் என்பதால், வாங்குகிறவருக்குக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறை போய்விட்டது. விற்ற பத்திரங்களில் மட்டமானவற்றை மறுபடி ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்தே மேல்தரப் பத்திரங்களை உருவாக்கி, மூன்று 'ஏ' என்ற உச்சத் தரச்சான்று வாங்கினார்கள். நாடு முழுவதும் வீட்டு விலை ஒரே நேரத்தில் விழாது என்பதுதான் அடிப்படைக் கணிப்பு. விழுந்தது. மூடிஸ் என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் 2006-ல் மூன்று 'ஏ' கொடுத்த வீட்டுக்கடன் பத்திரங்களில் 83 சதவீதம் பின்னால் தரம் இறக்கப்பட்டதாக அமெரிக்க அரசின் விசாரணைக் குழு 2011 அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது.

அதே அறிக்கையில் பாப்பா படிக்க வேண்டிய இன்னொரு பகுதி உண்டு. கிளேட்டன் என்ற நிறுவனத்தின் வேலை, வங்கிகள் வாங்கப்போகும் கடன்களின் கோப்புகளைப் பிரித்துச் சரிபார்ப்பது. 2006 ஜனவரி முதல் 2007 ஜூன் வரை 9 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களைப் பார்த்தார்கள். கடன் கொடுத்தவர் தானே வகுத்த விதிகளுக்குச் சரியாகப் பொருந்தியவை 54 சதவீதம். 28 சதவீதம் தேறவில்லை. தேறாதவற்றிலும் 39 சதவீதத்தைப் பரவாயில்லை என்று உள்ளே விட்டுவிட்டார்கள். உண்மை கோப்பில் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்ன ஆட்களின் சொல் அவையேறவில்லை.

அந்த ஆட்களின் வேலையைத்தான் நான் பாப்பாவுக்குச் சொல்கிறேன். பூல் அனலிஸ்ட் என்பார்கள். நம் ஊரில் யாரும் தன் பிள்ளைக்கு இதைக் கேட்டு வருவதில்லை, பெயர் பெரிதாக இல்லை என்பதால்.

வேலை இப்படி இருக்கும். காலையில் ஒரு எக்செல் கோப்பு வரும். ஒரு கடனுக்கு ஒரு வரி: கடன் கொடுத்த தேதி, வண்டி புதுசா பழசா, டிப்பரா டாரஸா சின்ன யானையா, வண்டி மதிப்பில் எத்தனை சதவீதம் கடன், எந்த மாவட்டம், எத்தனை டியூ முடிந்தது, எத்தனை நாள் பாக்கி. முதலில் சல்லடை: விதிப்படி குறைந்தபட்ச டியூ வராத கடன், பாக்கி நிற்கும் கடன் எல்லாம் வெளியே. அடுத்தது கோப்புச் சோதனை: கையெழுத்து, ஆர்.சி., இன்சூரன்ஸ், ஹெச்.பி. பதிவு. அதற்குப் பிறகுதான் புள்ளியியல் வரும். அந்தக் கம்பெனி 2017 முதல் காலாண்டில் கொடுத்த கடன்களில் 6 மாதம், 12 மாதம், 18 மாதம் முடிந்தபோது எத்தனை சதவீதம் 90 நாளைத் தாண்டி நின்றன என்று ஒரு கோடு. அடுத்த காலாண்டுக்கு இன்னொரு கோடு. கோடுகளை அடுக்கிப் பார்த்தால் எந்தக் காலத்தில் கம்பெனி கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தது என்று தெரிந்துவிடும். வரக்கூடிய நஷ்டத்தை அதிலிருந்து கணிக்க வேண்டும்.

கணித்த பிறகு யார் முதலில் அடி வாங்குவது என்று அடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 100 கோடி பூல். வெளியாருக்கு 90 கோடிக்குப் பத்திரம், மீதி 10 கோடி கம்பெனியின் தலையில், அது போக 5 கோடி வங்கி டெபாசிட்டாகக் காப்புத் தொகை. வசூலில் 7 கோடி போனால் கம்பெனிக்கு நஷ்டம், வெளியாருக்கு முழுப் பணம். 20 கோடி போனால் கம்பெனியின் 10 கோடியும் காப்பின் 5 கோடியும் காலி, மீதி 5 கோடி வெளியார் தலையில். 90 என்பது பாதுகாப்பான எல்லையா, 85-ஆ, 93-ஆ என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவதுதான் உங்கள் மகளின் வேலையாக இருக்கும். விற்கிறவர் தன் கையிலும் 5 அல்லது 10 சதவீத ஆபத்தை வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்வது, அமெரிக்காவில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான்.

நெருக்கடி வந்தால் வேலை போகுமா என்றீர்கள். பத்திரத்தை விற்கிறவர்களின் வேலை முதலில் போகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்க்கிறவர்களின் வேலை அந்த நேரத்தில்தான் கூடும். 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்டாமல் விழுந்ததும், ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்குப் புதுக் கடன் கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். கம்பெனியை நம்ப மாட்டேன், ஆனால் அதனிடம் இருக்கும் நல்ல லாரிக் கடன்களைத் தனியே எடுத்துக் கொடு, வாங்கிக்கொள்கிறேன் என்று வங்கிகள் சொல்லின. 2018-19-ல் இந்தியாவில் இப்படிக் கைமாறிய கடன்களின் மதிப்பு சுமார் 2 லட்சம் கோடி ரூபாய், முந்தைய வருடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அத்தனை பூலையும் யாரோ உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள்.

2019 அக்டோபரில் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் பணப் பட்டுவாடாவை மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்தியபோது வேறொரு பாடம் கிடைத்தது. வீட்டுக் கடன்காரர்கள் தவணை கட்டிக்கொண்டே இருந்தாலும், பூல் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் போய்ச் சேருவதில் சிக்கல் வந்தது. வசூல் பணம் எந்தக் கணக்கில் எத்தனை நாள் தங்குகிறது என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் மதிப்பு வந்தது.

அடுத்தது 2020. உங்கள் வண்டிகள் நின்றதும் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கும் மொரட்டோரியம் வாங்கியதும் கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் கட்டாத அந்த டியூக்களுக்கு மறுமுனையில் ஒரு பத்திரதாரர் காத்திருந்திருக்கலாம். ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது கடன் வாங்கியவருக்கு. பத்திரத்துக்குத் தானாகச் சலுகை கிடையாது. பல பூல்களில் முதலீட்டாளர்களிடம் சம்மதம் கேட்டுத் தவணை அட்டவணையை மாற்றினார்கள், சிலவற்றில் காப்புத் தொகையைத் தொட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் வண்டி ஏன் நின்றது, எந்தச் சரக்கு ஓடியது, எந்த ஓனர் எப்போது மறுபடி கட்டுவார் என்பதை மும்பையில் குளிரூட்டிய அறையிலிருந்து கணிப்பவரைவிட, சமையலறை மேசையில் டிரிப் ஷீட் எழுதி வளர்ந்த பெண் நன்றாகக் கணிப்பாள். இதை நான் முழுமனதோடு சொல்கிறேன்.

இந்த வழிக்கு எம்.எஸ்சி. புள்ளியியல் போதும். சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும். சென்னைக் கணிதவியல் நிறுவனமான சி.எம்.ஐ.-யின் தரவு அறிவியல் படிப்பு இன்னொரு வாய்ப்பு, நுழைவுத் தேர்வு கடினம். எக்செல், எஸ்.க்யூ.எல்., ஆர் அல்லது பைத்தான் ஆகிய கணினிக் கருவிகள் கைவர வேண்டும். வேலை தேட வேண்டிய இடங்கள்: கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள், நான் சொன்ன டிரஸ்ட்டுகளை நடத்தும் டிரஸ்டி கம்பெனிகள், பூல் தணிக்கை செய்யும் ஆடிட்டர் அலுவலகங்கள், ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பணம் திரட்டும் ட்ரெஷரி பிரிவு. கேம்பஸ் தேர்வில் இவை பெரும்பாலும் வராது; எழுதிக் கேட்க வேண்டும். தொடக்கச் சம்பளம் மாமா சொல்லும் தொகைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வீட்டுக்கு நேரத்தோடு வர முடியாது. மும்பைக்குப் போக வேண்டி வரலாம். ஆனால் மாதம் 62,000 கட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத பெண், தப்பான பூலைத் தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் நிம்மதியாக வேலைக்குப் போவாள்.

மாமாவிடம் கோபப்பட வேண்டாம், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்களும் பாப்பாவும். அதனால் முடிவில் அவருக்குப் பங்கில்லை. அவளே வெளிநாடு போக விரும்பினால், இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகையோடு போகட்டும்.

நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்குக் குறையாகப் பட்டது. மாமா சொன்னது, பெரியம்மா சொன்னது, வங்கி மேனேஜர் சொன்னது எல்லாம் இருக்கிறது. பாப்பா சொன்னது எங்கேயும் இல்லை. நான் சொன்ன இந்த வழியையும் அவள்மேல் திணிக்காதீர்கள். தேர்வு முடிந்ததும், தரமதிப்பீட்டு நிறுவனங்களின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வாகனக் கடன் பூல் அறிக்கை ஒன்றை அவள் எடுத்துப் படிக்கட்டும். பூலின் தொகை, காப்பு, பாக்கி விவரம் எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து எக்செல்லில் மாத வாரியாகப் பணம் எப்படி இறங்குகிறது என்று போட்டுப் பார்க்கட்டும். நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்தாள் என்றால் எம்.எஸ்சி. விண்ணப்பங்களைப் போடுங்கள். இரண்டாம் நாளே சலித்துவிட்டது என்றால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுதச் சொல்லுங்கள், வேறு வழி பேசலாம். அந்தக் கடிதத்தை அவளே எழுதட்டும்.