பள்ளி மாடி ஒழுகல்: மறுபடி பெயின்ட் அடிக்கலாமா?

பள்ளிக்கு வந்த நன்கொடையில் மொட்டை மாடிக்கு மறுபடி பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அந்தப் பணத்தை இன்னொரு கோட் வாட்டர்புரூஃப் பெயின்ட்டில் கொட்டாதீர்கள். போன வருஷம் அடித்தும் ஐந்தாம் வகுப்பு அறை ஒழுகுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சுவரோரம் மட்டும் ஈரம் என்கிறீர்களே, அப்படியென்றால் ஒழுகும் இடம் பெரும்பாலும் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, இல்லாவிட்டால் மழைநீர்க் குழாயின் வாய். அங்கே பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் தண்ணீர் பெயின்ட்டுக்கு அடியில் புகுந்துவிடும்.

மழையில்லாத நாளில் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, மாடியைச் சிமெண்ட் வரப்பு போட்டுப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியாக ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது கீழே ஈரம் தெரிகிறதோ, அந்தப் பாத்தியில்தான் ஒழுகல். அங்கே மட்டும் கொத்திப் பூசலாம், ஆனால் மூலையை நேராக விடாமல் சாய்வாக உருட்டிப் பூசச் சொல்லுங்கள் (கொத்தனார் பக்கத்தில் யாராவது நின்றால்தான் இது நடக்கும்). குழாய்ப் பக்கம் வாட்டம் (சரிவு) 100 அடிக்கு 1 அடியாவது இருக்கட்டும்.

ஆனால் உள்கூரையில் துருக்கறையோ, காங்கிரீட் பெயர்ந்து கம்பியோ தெரிந்தால் தண்ணீர் கட்டவே கட்டாதீர்கள். பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டட உறுதித்தன்மைச் சான்று எப்படியும் கேட்பார்கள்.