எதிர்க்கடை ஷட்டர்

கேள்வி: செங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 47. வாரம் ஏழு நாளும் காலை ஆறுக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் அடைப்பேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஓட்டுவதுதான் வேலை. ஆனாலும் எதிரே அண்ணன் கடை திறந்திருப்பதால் நானும் அடைப்பதில்லை. (பாகம் பிரித்ததிலிருந்து பேச்சு இல்லை.) மனைவி கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். பி.பி. ஏறிவிட்டது, தூக்கம் இல்லை. டாக்டர் மனசுக்குப் பிடித்ததைச் செய்யச் சொல்கிறார். அதற்கு நேரத்தை எங்கிருந்து எடுப்பது? யோகாவா, வாக்கிங்கா, எது நல்லது?

பதில்: யோகாவும் வாக்கிங்கும் அப்புறம் இருக்கட்டும். எதிரே அண்ணன் கடை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நோய் அங்கேதான் இருக்கிறது.

நேரம் எங்கே என்று என்னைக் கேட்கிறீர்கள். இரண்டிலிருந்து நாலு வரை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை அண்ணன் கல்லாவை முறைத்தபடி கழிக்கிறீர்கள். அவர் என்ன செய்வார்? தம்பி ஷட்டரை இறக்கினால் நாமும் இறக்கலாம் என்று உட்கார்ந்திருப்பார். அவருக்கும் பி.பி. இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். பாகத்தில் யாருக்கு என்ன குறைந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கதை வாராவாரம் ஏதாவது ஓர் ஊரிலிருந்து எனக்கு வருகிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயில் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். உங்கள் கணக்கு 112 மணி நேரம். கடைக்காரருக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா?

ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் புனலூர், கொல்லம் ஆட்களெல்லாம் வேன் பிடித்துப் புளியரை தாண்டி வருகிறார்கள். நீங்கள் அவர்களுக்கு சோப்பும் எண்ணெயும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கிற ஐந்தருவியில் நீங்கள் தலையைக் கொடுத்து எத்தனை வருஷம் ஆயிற்று? சாரலுக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

சரி, செய்ய வேண்டியது இது. நாளைக்கு அண்ணன் வீட்டுக்கு நேரில் போங்கள். போன் வேண்டாம், நடுவில் மாமாவை அனுப்பவும் வேண்டாம். மூத்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்று முறுக்கிக்கொள்ளாதீர்கள்; இறங்கி வருவது இளையவன் கடமை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். மதினியிடம் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். மதியம் இரண்டு மணி நேரம் இரண்டு கடையும் அடைப்பு. ஞாயிறு மதியத்துக்கு மேல் இரண்டும் திறப்பதில்லை.

ஒத்துக்கொள்ள மாட்டாரா? அப்படியும் உங்கள் ஷட்டரை இறக்குங்கள். அந்த நேரத்தில் வருகிற அரைக்கிலோ சர்க்கரை வியாபாரம் உங்கள் அண்ணன் பிள்ளைகள் சாப்பாட்டுக்குத்தானே போகிறது, அசலூர்க்காரனுக்கா போகிறது?

பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அந்த அம்மா வெயிலில் கேரியர் தூக்கியது போதும். அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.