மானிட்டர் காட்டுவது 11. மீதி வேகம் எங்கே போனது?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. உபுண்டு கம்ப்யூட்டரில் பெரிய ஃபைல் டவுன்லோட் செய்யும்போது சிஸ்டம் மானிட்டர் 11.5-க்கு மேல் ஏறுவதே இல்லை. ஆபீஸ் விபிஎன் போட்டால் 22 காட்டுகிறது. எதை நம்புவது? 200 பிளானுக்கு மாறிவிடலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். கொடுக்கிற காசுக்கான வேகம் உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிளானில் சொல்வது மெகாபிட். மானிட்டர் காட்டுவது மெபிபைட். ஆங்கிலத்தில் எழுதும்போது சின்ன 'பி' என்றால் பிட், பெரிய 'பி' என்றால் பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். மெபிபைட் என்பது 10,48,576 பைட், மெகாபைட்டைவிடச் சற்றுப் பெரியது. அதனால் அந்த 12.5-உம் 11.9 ஆகிவிடும். உங்கள் 11.5-ஐ பிட் கணக்கில் திருப்பிப் போட்டால் 96 மெகாபிட்டைத் தாண்டும். நீங்கள் பார்க்கும் க்னோம் சிஸ்டம் மானிட்டரின் பிரிஃபரன்சஸில் நெட்வொர்க் வேகத்தை பிட்டில் காட்டும் டிக் பாக்ஸ் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அந்த 22-தான் தப்பு. விபிஎன் போட்டதும் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது டேட்டா போய்வரும் வாசல், முளைக்கிறது, பெரும்பாலும் 'டன்0' என்ற பெயரில். ஒரே டேட்டா முதலில் லேன் கார்டு வழியாகவும், விபிஎன் போட்ட பூட்டைத் திறந்த பிறகு டன்0 வழியாகவும் போகிறது. மானிட்டர் இரண்டையும் கூட்டிவிடுகிறது. டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. வீட்டுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டருக்குப் படம் காப்பி செய்தாலும் மானிட்டர் அதைச் சேர்த்துக்கொள்ளும்; அது இன்டர்நெட் கணக்கில் வராது. மாத டேட்டா வரம்பைப் பார்க்க இந்த மானிட்டரை நம்பாதீர்கள், இன்டர்நெட் கம்பெனியின் ஆப்பைப் பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. விபிஎன்-ஐ நிறுத்துங்கள். டெர்மினலில் '/ப்ராக்/நெட்/டெவ்' (/proc/net/dev) ஃபைலைத் திறந்து, லேன் கார்டு வரியில் வந்த பைட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக 1 ஜிபி அளவுள்ள ஃபைல் ஒன்றை டவுன்லோட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம் ஏறக்குறைய 1.04 ஜிபி வரும். அந்தக் கூடுதல், ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒட்டியிருக்கும் முகவரி விவரம். இந்த அளவில் வந்தால் கெர்னல் (உபுண்டுவின் உள்மையம்) வைக்கும் கணக்கு சரி, கோளாறு மானிட்டர் கூட்டும் விதத்தில். பழைய 32 பிட் மானிட்டர் என்றால் இன்னொரு சிக்கல்: சுமார் 4.29 ஜிபி தாண்டியதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 100 எம்பிபிஎஸ்-இல் அதற்கு ஆறு நிமிடம்கூட ஆகாது.

200-க்கு மாறுவதென்று பிறகு முடிவெடுத்தால், முதலில் ரவுட்டரிலும் கம்ப்யூட்டரிலும் கிகாபிட் (1000 மெகாபிட்) போர்ட் இருக்கிறதா பாருங்கள். கேபிளையும் விடாதீர்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். என் வீட்டில் வேகமான பிளான் போட்டும் வேகம் 94-லேயே நின்றது. பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பழுப்புக் கம்பி பின் வரைக்கும் போய்ச் சேரவில்லை. புதுப் பிளக் கிரிம்ப் செய்ததும் சரியாகிவிட்டது. அதுவரை மூன்று மாதம் கூடுதல் பணம் கட்டியிருந்தேன். உங்களுக்கு அந்த நஷ்டம் வேண்டாம்.