அடிபடாமல் வந்த ரத்தக்கட்டு: அரிய தோல் கட்டிகள் பற்றிச் சில கேள்விகள்

அப்பாவுக்கு 68 வயது. முதுகிலும் நெஞ்சிலும் ஊதா நிறத்தில் கட்டிகள். வலி, அரிப்பு எதுவும் இல்லை. ரத்தக்கட்டு என்று பத்துப் போட்டோம். சதைப் பரிசோதனையில் ஒரு லேப் லிம்போமா (நிணநீர்ப் புற்று) என்றது, இன்னொரு லேப் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரைடிக் செல் புற்று என்கிறது. எதை நம்புவது?
வாசகர், உசிலம்பட்டி

ரிப்போர்ட்டில் என்னென்ன சாயச் சோதனை (செல்லில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிக் கண்டுபிடிப்பது) செய்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் லிம்போமாவும், தோலில் இறங்கிய ரத்தப் புற்றும், இரண்டாவது லேப் சொல்லும் டென்ட்ரைடிக் செல் புற்றும் (நோய் எதிர்ப்புச் செல் ஒன்றில் தொடங்கும் அரிய புற்று) ஒன்றுபோலவே தெரியும். சிடி4, சிடி56, சிடி123 என்ற புரதங்கள் மூன்றும் பாசிட்டிவாக இருந்தால் சந்தேகம் இந்த அரிய புற்றின் பக்கம் சாயும். ஆனால் அந்த மூன்றை மட்டும் வைத்து முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை. சிடி56 என்.கே. (இயற்கைக் கொல்லி செல்) லிம்போமாவிலும் வரும், சிடி123 மைலாய்டு (மஜ்ஜையில் உருவாகும் ஒருவகை ரத்தச் செல்) ரத்தப் புற்றிலும் வரும். டிசிஎல்1, டிசிஎஃப்4 என்ற புரதங்கள் பாசிட்டிவாகவும், சிடி3, சிடி20, எம்பிஓ (முறையே டி-செல், பி-செல், மைலாய்டு செல் அடையாளங்கள்) நெகட்டிவாகவும் இருந்தால் இரண்டாவது ரிப்போர்ட்டை நம்பலாம்.

பெயர்க் குழப்பம் பழையதுதான். இதை முன்பு என்.கே. லிம்போமா வகை என்றே எழுதிவந்தார்கள். 2008-ல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இப்போதைய பெயர் வந்தது. அறுபதைத் தாண்டிய ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

தோலில் தெரிந்தாலும் இது ரத்தப் புற்று வகையைச் சேர்ந்தது. அதனால் ரத்தப் புற்று மருத்துவரைப் பார்த்து, ரத்த எண்ணிக்கையும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் உடனே செய்யுங்கள். சிகிச்சை தொடங்கியதும் கட்டிகள் மளமளவென்று அமுங்கும். அதைப் பார்த்து "சரி, போய்விட்டது" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள், திரும்பி வரும் குணம் இதற்கு உண்டு.

எட்டு மாதக் குழந்தை. தலையில் செதில் செதிலாக உதிர்கிறது. எண்ணெய், ஷாம்பு, களிம்பு எதற்கும் கேட்கவில்லை. இப்போது தொடை இடுக்கிலும் வந்துவிட்டது.
ஒரு தாய், மேலூர்

பத்துக்கு ஒன்பது குழந்தைகளுக்கு, ஏன், அதற்கும் மேலேயே, இது சாதாரணப் பொடுகுதான் அம்மா. ஆனால் செதிலுக்கு நடுவே பழுப்புச் சிவப்பில் சிறு கொப்புளங்களோ ரத்தப் புள்ளிகளோ இருந்தால், காதில் சீழ் வடிந்தால், மாதக்கணக்கில் நீடித்தால் லாங்கர்ஹான்ஸ் செல் நோயா (ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள் பெருகும் அரிய நோய்) என்று பார்க்க வேண்டும். சிறு துண்டுத் தோல் போதும். சிடி1ஏ, லாங்கரின் என்ற புரதங்கள் இரண்டும் பாசிட்டிவாக வந்தால் நோய் உறுதி. முன்பு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்களுக்குள் டென்னிஸ் மட்டை வடிவத் துகள்களைத் தேடினோம். லாங்கரின் சாயம் வந்த பிறகு அந்த வேலை மிச்சம்.

உறுதியானால் எலும்பு எக்ஸ்ரே, கல்லீரல், மண்ணீரல் ஸ்கேன் கேட்பார்கள். தோலோடு நின்ற நோய் சில குழந்தைகளுக்குத் தானாகவே மறையும், இருந்தாலும் தொடர்ந்து காட்டுங்கள். அளவுக்கு மீறிய தாகமும் சிறுநீரும் இருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம்.

எஸ்100 பாசிட்டிவ் என்றால் மெலனோமாவா?
திருமங்கலம்

எஸ்100 என்ற ஒரு சாயத்தை மட்டும் வைத்து மெலனோமா (தோலின் நிறமிச் செல் புற்று) என்று சொல்ல முடியாது. லாங்கர்ஹான்ஸ் செல், நரம்புக் கட்டி, வேறு சில டென்ட்ரைடிக் செல் கட்டிகள் எல்லாமே எஸ்100 ஏற்கும். நிறமிச் செல்லைக் காட்டும் மெலன்-ஏ, ஹெச்எம்பி45 சாயங்களும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிடி1ஏ பாசிட்டிவாகி லாங்கரின் மட்டும் நெகட்டிவ் என்றால், அது டென்ட்ரைடிக் செல் கட்டியின் இன்னொரு அரிய வகை. அப்புறம், நம் பக்கத்தில் தோலில் முடிச்சு முடிச்சாக வந்தால் தொழுநோய் இல்லை என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கத்தி பட்டால் புற்று பரவுமா?
சோழவந்தான்

சதைப் பரிசோதனைக்காகக் கத்தி பட்டால் இந்தக் கட்டிகளில் பரவாது. பயந்து தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

வேறு ஊரில் இரண்டாவது கருத்துக் கேட்க எதைக் கொண்டுபோவது?
தேனி

ரிப்போர்ட்டும் கண்ணாடி ஸ்லைடும் மட்டும் போதாது, சதைத் துண்டைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் லேப்பில் கேட்டு வாங்குங்கள். புதுச் சாயம் போட அதிலிருந்துதான் சீவ வேண்டும். சித்திரை வெயிலில் காரை மாட்டுத்தாவணியில் நிறுத்திவிட்டு பிளாக்கை டேஷ்போர்டில் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். கைப்பையில் வையுங்கள். கட்டி முதலில் எங்கே வந்தது, எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதி, கட்டியின் போட்டோவையும் சேர்த்துக் கொடுங்கள்.